எண்ணிப் பார்த்த மாமனிதர் பிளாக்கெட்

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கிடுவதும் எண்ணுதல். ஒன்றைப் பற்றி ஆழ்ந்து சிந்திப்பதும் எண்ணுதல். கணக்கிடுவோர் பலர், சிந்திப்போர் சிலர். கணக்கிட்டு, சிந்தித்து, கிடைத்த விடை எதுவாயினும் அதனை அஞ்சாமல் எடுத்துரைப்போர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவர் ஆங்கில நாட்டு இயற்பியல் அறிஞர் பாட்ரிக் பிளாக்கெட்.

கணிதத் துறை மாணவர்களாகிய நாம் இறுதியாண்டில் செயல்முறைகள் ஆராய்ச்சி என்றொரு பாடம் படிக்கிறோம். போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு என்று கட்டம் கட்டமாக அட்டவணை போட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறோம். அந்தப் பாடம் எங்கே பிறந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அது பெரிதும் உருப்பெற்றது பல்கலைக்கழக வகுப்பறையில் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் பறந்து திரிந்த விமானப் படைப்பிரிவுகளில்தான்! அதன் தந்தையருள் தலையாயவர் பிளாக்கெட். அவருடைய வாழ்வைச் சற்று நோக்குவோம்.

கடலில் கழிந்த இளமை

பாட்ரிக் மேனார்டு ஸ்டூவர்ட் பிளாக்கெட் 1897 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பங்குத் தரகர். சிறுவனுக்கு வானொலிக் கருவி செய்வதிலும், மாதிரி விமானங்கள் செய்வதிலும் ஆசை. ஆயினும் பன்னிரண்டு வயதிலேயே ஆஸ்பர்ன் கடற்படைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயின்றார்.

1914 இல் முதல் உலகப் போர் மூண்டது. படிப்பை முடிக்காத மாணவர்களும் போர்க்கப்பல்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தென் அட்லாண்டிக்கில் நடந்த பாக்லாந்துத் தீவுப் போரில் கார்னர்வன் என்னும் கப்பலில் பிளாக்கெட் இருந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. 1916 மே 31 இல் நடந்த புகழ்பெற்ற ஜட்லாந்துப் போரில் பார்ஹாம் என்னும் பெரும் போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்தில் பணி புரிந்தார். நம் வயதில் நாம் கல்லூரி வாயிலில் பேருந்துக்குக் காத்து நிற்கிறோம். அவரோ உடன் இருந்த தோழர்கள் மாள்வதைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தார். போர் என்றால் என்ன என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. இதனை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவருடைய பிற்காலச் சொற்களுக்கெல்லாம் இதுவே வேர்.

நான்கு இலட்சம் கோடுகள்

1919 சனவரியில், போரினால் கல்வி தடைப்பட்ட இளம் அதிகாரிகளை ஆறு மாதப் படிப்புக்காகக் கடற்படை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அங்கே சென்ற சில நாட்களில் பிளாக்கெட், அறிவியல் ஆய்வுக்கூடம் எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காகக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்தார். அந்த நுழைவே அவர் வாழ்வை மாற்றிற்று. விரைவிலேயே கடற்படைப் பதவியைத் துறந்து மாணவரானார். 1921 இல் பட்டம் பெற்று, அணுவியலின் பேராசான் ரூதர்போர்டிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

நைட்ரஜன் வாயுவின் மீது ஆல்பாத் துகள்களை மோதவிட்டால் நைட்ரஜன் அணு உடைபடுகிறது என்று ரூதர்போர்டு கண்டிருந்தார். அப்போது உண்மையில் நிகழ்வது என்ன? அதனைப் படம் பிடித்துக் காட்டும் பணி பிளாக்கெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. வில்சன் முகில் அறை என்பது ஈரக் காற்று நிரம்பிய ஒரு சிறு கண்ணாடிக் கூடு. அதனுள் மின்னூட்டமுள்ள துகள் பாய்ந்தால், அது சென்ற வழியில் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து வெண்கோடு தோன்றும். பிளாக்கெட் 23,000 படங்கள் எடுத்தார். அவற்றில் பதிந்த கோடுகள் ஏறத்தாழ 4,00,000. ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டே எட்டுக் கோடுகள் மட்டும் புதுவிதமாகக் கிளை பிரிந்திருந்தன! அந்த எட்டும், நைட்ரஜன் அணு ஆல்பாத் துகளை விழுங்கி ஆக்சிஜன் அணுவாக மாறுகிறது என்பதை ஐயமறக் காட்டின. ஒரு தனிமம் மற்றொரு தனிமமாக மாறும் காட்சியை மனிதன் படமாகக் கண்டது அப்போதுதான்.

1924 இல் காஸ்டன்சா பேயோன் என்னும் அம்மையாரை மணந்தார். பின்னர் இத்தாலிய இளைஞர் ஒக்கியாலினியுடன் சேர்ந்து, துகள் பாயும்போது தானே இயங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் முகில் அறையை 1932 இல் அமைத்தார். அமெரிக்கர் ஆண்டர்சன் கண்டறிந்த பாசிட்ரான் துகளை அடுத்த ஆண்டே இருவரும் உறுதிப்படுத்தினர். 1933 இல் இலண்டன் பிர்க்பெக் கல்லூரியிலும், 1937 இல் மான்செஸ்டரிலும் பேராசிரியரானார். ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம் இதுதான்: நாம் காண விரும்புவதை அன்று, கோடுகள் காட்டுவதைக் காண வேண்டும்.

பீரங்கிகளும் பொய்க் கணக்கும்

மீண்டும் போர் வந்தது. 1940 இல் இலண்டன் மீது செருமானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைக்கு அறிவியல் ஆலோசகராகப் பிளாக்கெட் அழைக்கப்பட்டார். அவர் சேர்த்த குழுவைப் பார்த்தால் வியப்பு மேலிடும். உடலியல் அறிஞர்கள், கணித அறிஞர்கள், வானியற்பியல் அறிஞர், நில அளவையாளர், படை அதிகாரி என்று பல துறையினர் அதில் இருந்தனர். பிளாக்கெட்டின் சர்க்கஸ் என்றே படையினர் அதற்குப் பெயர் வைத்துவிட்டனர். தொடக்கத்தில் ஒரு பகை விமானத்தை வீழ்த்த 20,000 குண்டுகள் செலவாயின. 1941 கோடைக்குள் அது 4,000 ஆகக் குறைந்தது.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கடற்கரையில் இருந்த பீரங்கிகள் உள்நாட்டுப் பீரங்கிகளைவிட இருமடங்கு திறமையுடன் சுடுவதாகப் புள்ளிவிவரம் காட்டியது. இதற்குக் காரணம் என்ன? கடற்காற்றா, காட்சித் தெளிவா என்று பலவாறு ஆராய்ந்தனர். பின்னர்தான் உண்மை விளங்கிற்று. உள்நாட்டில் வீழ்த்தியதாகச் சொன்னால் விமானத்தின் சிதைவைத் தரையில் காட்ட வேண்டும். கடலில் வீழ்த்தியதாகச் சொன்னால் யார் போய்ப் பார்ப்பது? எண்ணும் பொய் சொல்லும். அந்த எண்ணை யார் எப்படி எழுதினார் என்று கேட்கத் தெரிய வேண்டும். இப்பாடத்துடன் பிளாக்கெட் கடலுக்குத் திரும்பினார்.

இருபத்தைந்து அடி

பிரிட்டன் ஒரு தீவு. அந்நாளில் அதன் உணவில் பாதிக்கு மேலும், எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். அக்கப்பல்களைச் செருமானிய நீர்மூழ்கிகள் கூட்டங்கூட்டமாக வேட்டையாடின. 1942 ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அக்கப்பல்களில் நம் இந்திய நாட்டு மாலுமிகளும் பல்லாயிரவர் பணி புரிந்தனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கடலோடு கலந்தனர்.

நீர்மூழ்கிகளை வானிலிருந்து தேடித் தாக்குவது 1936 இல் அமைக்கப்பட்ட கரையோர விமானப்படையின் வேலை. 1941 மார்ச்சில் பிளாக்கெட் அப்படையின் அறிவியல் ஆலோசகரானார். விமானங்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் பறந்தன, நீர்மூழ்கிகளைக் கண்டன, குண்டு வீசின. ஆனால் மூழ்கியவை மிகச் சிலவே. ஏன்?

பிளாக்கெட்டின் குழுவில் இருந்த வேல்ஸ் நாட்டு இயற்பியலார் எவான் ஜேம்ஸ் வில்லியம்ஸ் தாக்குதல் அறிக்கைகளையெல்லாம் அடுக்கி வைத்து ஆராய்ந்தார். விமானங்கள் வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் நீரில் 100 அடி ஆழம் சென்றதும் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. விமானம் வருவதை நீர்மூழ்கி முன்கூட்டியே கண்டுவிடும்; விமானம் தலைக்கு மேல் வருவதற்குள் அது சுமார் 100 அடி இறங்கியிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது அல்லவா?

இதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. நீர்மூழ்கி 100 அடி இறங்கிவிட்டால், அது இடப்புறம் சென்றதா வலப்புறம் சென்றதா என்று மேலிருப்பவருக்குத் தெரியாது. குண்டு வெடித்துக் கப்பலின் உடலைப் பிளக்கக்கூடிய தூரமோ ஏறத்தாழ இருபது அடிதான். எனவே அங்கே குண்டு வீசுவது இருட்டில் கல் எறிவதை ஒக்கும். மாறாக, நீர்மூழ்கி கண் முன்னே மேற்பரப்பில் இருக்கும்போதோ, அப்போதுதான் மூழ்கும்போதோ அதன் இடம் திட்டமாகத் தெரியும். தாக்குதல்களில் கணிசமான பங்கு அவ்வகையே. ஆனால் அப்போது வீசிய குண்டு, அதன் அடியில் வெகு ஆழம் சென்று வீணாக வெடித்தது! எளிதில் கிடைக்கும் வேட்டையை விட்டுவிட்டுக் கிடைக்காத வேட்டைக்குக் குறிவைத்திருந்தனர்.

குண்டு 25 அடியில் வெடிக்கட்டும் என்று வில்லியம்ஸ் முடிவு கூறினார். புதிய விமானம் தேவையில்லை; புதிய வெடிமருந்து தேவையில்லை. அவ்வளவு மேலே வெடிக்கும் அமைப்பு உருவாகச் சிறிது காலம் பிடித்தமையால் படிப்படியாக மாற்றம் செய்யப்பட்டது. தாக்குதலின் பயன் பன்மடங்கு உயர்ந்தது. பிரிட்டன் ஏதோ புதிய, கடுமையான வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டது என்றே செருமானியர் கருதினராம்.

வெள்ளை விமானம்

இன்னொரு கேள்வி எழுந்தது. இத்தனை விமானங்கள் இத்தனை மணி நேரம் பறந்தால் இத்தனை நீர்மூழ்கிகளைக் காண வேண்டும் என்று கணக்கிட்டால், கண்டவை அதைவிட மிகக் குறைவாக இருந்தன. விமானம் காண்பதற்கு முன்பே நீர்மூழ்கி விமானத்தைக் கண்டு மூழ்கிவிடுகிறது என்று பொருள்.

அப்படியானால் விமானத்தின் நிறம் என்ன? கறுப்பு. அவை இரவில் குண்டு வீசுவதற்காகச் செய்யப்பட்ட விமானங்கள். இரவுக்குக் கறுப்பு பொருந்தும். ஆனால் வட அட்லாண்டிக்கின் பகல் வானம் பெரும்பாலும் வெளுத்த மேகம் மூடியது. அதன் எதிரே கறுப்பு விமானம் வெள்ளைச் சுவரில் அமர்ந்த காக்கை போலத் தெரியும். அடிப்புறத்திற்கும் பக்கங்களுக்கும் வெண்ணிறம் பூசிச் சோதித்தபோது, விமானம் கண்ணுக்குத் தெரியும் தூரம் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. அவ்வளவே! ஒரு வாளி வெள்ளைச் சாயம், பல நூறு விமானிகளின் கண்களைக் கூர்மையாக்கியது.

1942 சனவரியில் பிளாக்கெட் கடற்படைத் தலைமையகத்திற்கு மாறினார். அவர் ஊன்றிய விதை விமானப்படையில் தொடர்ந்து வளர்ந்தது. எந்நேரமும் நான்கில் மூன்று பங்கு விமானங்கள் புறப்படத் தயாராக நிற்க வேண்டும் என்பது படையின் விதி. பழுது பார்க்கும் இடம் நிரம்பிவிடக்கூடாது என்பதற்காக விமானங்களை அளவோடு பறக்கவிட்டனர். விமானம் பறப்பதற்கா, தயாராக நிற்பதற்கா என்று ஆய்வாளர்கள் கேட்டனர். கோர்டன் என்னும் உயிரியல் அறிஞர் வகுத்த புதிய பராமரிப்பு முறை 1942 இல் 502 ஆம் படைப்பிரிவில் சோதிக்கப்பட்டது. அதே விமானங்கள், அதே ஆட்கள். பறந்த நேரமோ ஏறத்தாழ இருமடங்கு!

தம் பிள்ளைகளை எண்ணி

சரக்குக் கப்பல்கள் கூட்டமாகச் செல்லும். சுற்றிலும் காவல் கப்பல்கள் செல்லும். பெரிய கூட்டம் ஆபத்து, சிறு கூட்டமே நல்லது என்பது கடற்படையின் நெடுநாள் நம்பிக்கை. பிளாக்கெட்டின் குழு பழைய ஏடுகளைப் புரட்டியது. 40 கப்பல்களுக்குக் குறைவான கூட்டங்களில் இழப்பு 2.5 விழுக்காடு, 40 க்கு மேற்பட்டவற்றில் 1.1 விழுக்காடு மட்டுமே!

இது தற்செயலா? வடிவியல் விடை கூறிற்று. வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கானால் சுற்றளவு இரண்டு மடங்குதான் ஆகிறது. கப்பல்கள் நிற்பது பரப்பில். காவல் நிற்பது சுற்றளவில். ஆகவே கூட்டம் பெருகும் அளவுக்குக் காவல் பெருக வேண்டியதில்லை. கூட்டம் பெரிதானாலும் அது பகைவர் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ அதே அளவுதான். உள்ளே புகுந்த நீர்மூழ்கி மூழ்கடிக்கும் கப்பல்களின் எண்ணிக்கையும் அதே அளவுதான்.

கணக்கு முடிந்தது. ஆனால் பிளாக்கெட் உடனே கையொப்பமிடவில்லை. இக்கணக்கு தவறானால் ஆயிரக்கணக்கான உயிர்கள் போகும். தம் சொந்தப் பிள்ளைகளை அட்லாண்டிக்கைக் கடந்து அனுப்ப நேர்ந்தால், பெரிய கூட்டத்தில் அனுப்புவோமா, சிறிய கூட்டத்தில் அனுப்புவோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். பெரிய கூட்டத்தில்தான் என்று மனம் ஒப்பிய பின்னரே பரிந்துரை செய்தார். 1943 வசந்த காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு முன்னதாகவே இதனைக் கண்டிருந்தால் இன்னும் எத்தனையோ கப்பல்கள் பிழைத்திருக்குமே என்று பின்னர் வருந்தினார்.

120 ஆம் படைப்பிரிவு

இரு கரைகளிலிருந்தும் ஐஸ்லாந்துத் தீவிலிருந்தும் புறப்படும் சாதாரண விமானங்கள் கடலுக்குள் சில நூறு மைல்தான் சென்று திரும்ப முடியும். நடுக்கடலில் விமானமே எட்டாத ஓர் இடைவெளி இருந்தது. நீர்மூழ்கிகள் அங்கேதான் காத்துக் கிடந்தன. அந்த இடைவெளியை எட்டவல்ல விமானம் அமெரிக்காவில் செய்த நெடுந்தூர லிபரேட்டர். அதனைக் கொண்டு 1941 சூனில் வட அயர்லாந்தின் நட்ஸ் கார்னர் விமானத் தளத்தில் 120 ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் ஐஸ்லாந்திலிருந்தும் அது பறந்தது. 1942 முழுவதும் நடுக்கடலை எட்டிய பிரிட்டிஷ் படைப்பிரிவு இது ஒன்றுதான். அதனிடம் இருந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க விமானங்கள்.

1942 டிசம்பர் 8 இல் டெரன்ஸ் புல்லக் என்னும் விமானி, எச்.எக்ஸ். 217 என்னும் கப்பல் கூட்டத்திற்குக் காவலாகப் பறந்தார். ஒரே பயணத்தில் எட்டு நீர்மூழ்கிகளைக் கண்டார். ஏழின் மீது பாய்ந்தார். ஆழ்நீர்க் குண்டுகள் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டன. எஞ்சியவற்றைத் துப்பாக்கியால் சுட்டே மூழ்க வைத்தார். மூழ்க வைத்தால் போதுமா என்று கேட்கலாம். போதும்! நீர்மூழ்கி மேற்பரப்பில் விரைந்து ஓடும். நீருக்குள்ளோ மின்கலத்தின் உதவியால் ஊர்ந்துதான் செல்லும். ஒருமுறை மூழ்கியது, கப்பல் கூட்டத்தை எட்டிப் பிடிக்க இயலாது. வேட்டைக்குத் திரண்ட நீர்மூழ்கிகள் பலவாயினும் அக்கூட்டம் இழந்தவை இரண்டு கப்பல்களே.

பிளாக்கெட் கணக்கிட்டார். ஐஸ்லாந்திலிருந்து பறக்கும் ஒரு லிபரேட்டர், தன் ஆயுட்காலத்தில் ஏறத்தாழ முப்பது பயணம் செய்து, குறைந்தது ஆறு கப்பல்களையாவது காப்பாற்றுகிறது. அதே விமானத்தைப் பெர்லின் மீது குண்டு வீச அனுப்பினால், நூறு டன்னுக்கும் குறைவான குண்டுகளை வீசி, ஆண், பெண், குழந்தை எனச் சில பத்துப் பேரைக் கொன்று, சில வீடுகளை இடிக்கும். எது பயன்? ஆகவே நெடுந்தூர விமானங்களைக் கடலுக்குத் தாருங்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் வாதாடினார்.

விமானங்கள் தாமதமாகவே வந்தன. 1943 மார்ச்சில் எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்னும் இரு கூட்டங்களில் மட்டும் 22 கப்பல்கள் மூழ்கின. அதன் பின்னரே மேலும் லிபரேட்டர்கள் ஒதுக்கப்பட்டன. புதிய ரேடார், காவல் கப்பல்கள், கப்பல் கூட்டத்துடன் சென்ற சிறு விமானந்தாங்கிகள், பகைவரின் மறைகுறிகளைப் படித்தவர்கள் ஆகிய அனைத்தும் அவற்றுடன் ஒன்று கூடின. அவ்வாண்டு மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளைச் செருமனி இழந்தது. மே 24 இல் அவற்றின் தலைவர் டோனிட்ஸ், வட அட்லாண்டிக்கிலிருந்து தம் நீர்மூழ்கிகளை விலக்கினார். அம்மாதம் மாண்டவர்களுள் அவருடைய சொந்த மகனும் ஒருவன். வென்றவரும் தோற்றவரும் பெற்ற பிள்ளைகளையே கடலுக்குக் கொடுத்தனர்.

கேளாச் செவிகள்

பிளாக்கெட்டின் கணக்கு கடலில் வென்றது. நிலத்தில் தோற்றது.

1942 மார்ச்சில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு ஓர் அறிக்கை அளித்தார். செருமானிய நகரங்களில் தொழிலாளர் குடியிருப்புகளின் மீது குண்டு வீசினால் ஒன்றரை ஆண்டில் மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரை வீடற்றவர்களாக்கிப் போரை வெல்லலாம் என்பது அதன் சாரம். பிளாக்கெட் அந்த எண்களைச் சோதித்தார். அழிவு ஆறு மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றார். அவருடைய மூத்த தோழர் டிசார்டு தனியே கணக்கிட்டு ஐந்து மடங்கு என்றார். அரசு இருவர் சொல்லையும் ஏற்கவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்று யாராவது சொன்னால், அவன் டிசார்டோடும் பிளாக்கெட்டோடும் பேசிவிட்டு வந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று விமான அமைச்சகத்தில் எள்ளி நகையாடினர்.

போர் முடிந்து அளந்து பார்த்தபோது, செர்வெலின் மதிப்பீடு ஏறத்தாழ பத்து மடங்கு மிகையானது என்று தெரிந்தது. அதற்குள் நகரங்கள் எரிந்துவிட்டன. இலட்சக்கணக்கான குடிமக்கள் மாண்டுவிட்டனர். குண்டு வீசச் சென்ற இளைஞர்களும் பல்லாயிரவர் திரும்பவில்லை. இன்னும் திறமையாக வாதாடியிருந்தால் தடுத்திருக்கலாமோ என்னும் தோல்வி உணர்வு தம்மை விடாமல் தொடர்வதாகப் பல்லாண்டுகளுக்குப் பின் பிளாக்கெட் ஒப்புக்கொண்டார். தாம் சொன்னதே சரியாயிற்று என்று அவர் மார் தட்டிக்கொள்ளவில்லை. சரியாகக் கணக்கிட்டும் உயிர்களைக் காக்க முடியவில்லையே என்றுதான் நொந்தார்.

போருக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. பிரிட்டன் அணுகுண்டு செய்ய வேண்டாம் என்று அரசின் ஆலோசனைக் குழுவில் தனித்து நின்று வாதாடினார். 1948 இல் அணு ஆற்றலின் படை, அரசியல் விளைவுகள் பற்றி நூல் எழுதினார். இரு நாடுகளிலும் வசைமொழிகள் குவிந்தன. அதே ஆண்டில்தான் இயற்பியலுக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

தமக்கு எதிராகவும்

பிறர் கணக்கில் பிழை காண்பது எளிது. தம் கணக்கில்? சுழலும் எந்தப் பெரும்பொருளுக்கும் சுழற்சியினாலேயே காந்தத் தன்மை வருகிறது என்று 1947 இல் பிளாக்கெட் ஒரு கொள்கையை வெளியிட்டார். உண்மையானால் நியூட்டனின் விதிக்கு நிகரான புகழ் கிட்டியிருக்கும். சோதிப்பதற்காக இங்கிலாந்து வங்கியிலிருந்து 15 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை இரவல் பெற்று உருளையாக்கினார். மிக நுண்ணிய காந்தமானி ஒன்றைத் தாமே அமைத்தார். காந்தம் தோன்றவில்லை. கொள்கை பொய் என்று 1952 இல் தாமே எழுதி வெளியிட்டார்.

ஆனால் அந்தக் காந்தமானி வீணாகவில்லை! பாறைகளில் உறைந்து கிடக்கும் பழங்காலக் காந்தத்தை அளக்க அத்துறை ஆய்வு வழிகோலியது. அவருடைய குழுவினர் நம் தக்காணத்து எரிமலைப் பாறைகளை அளந்தனர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பாறைகள் உருவான காலத்தில் இந்திய நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது, பின்னர் வடக்கே நகர்ந்தது என்பதற்கு அவை சான்று கூறின. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கை வலுப்பெற இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவும் பிளாக்கெட்டும்

1947 சனவரியில் தில்லியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குப் பிளாக்கெட் வந்திருந்தார். மாநாட்டுத் தலைவர் நேரு பெருமகனார். அங்கு மலர்ந்த நட்பின் பயனாகப் பாதுகாப்புத் துறையில் அறிவியலைப் பயன்படுத்துவது குறித்து நேரு அவரிடம் ஆலோசனை கேட்டார். 1948 இல் அவர் அறிக்கை அளித்தார். பணக்கார நாடுகளின் ஆடம்பர ஆயுதங்களோடு போட்டியிடாமல், வரவுக்கு ஏற்ற பாதுகாப்பையும் உள்நாட்டு அறிவியல் வளத்தையும் உருவாக்குமாறு அதில் அறிவுறுத்தினார். அவ்வாண்டிலேயே இயற்பியல் அறிஞர் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் முதல் அறிவியல் ஆலோசகரானார். ஓமி பாபாவுக்கும் பிளாக்கெட் நெடுநாள் நண்பர். ஏழை நாடுகளுக்கும் செல்வ நாடுகளுக்கும் இடையே விரிந்து வரும் பள்ளத்தைப் பற்றியே 1967 ஆம் ஆண்டின் நேரு நினைவுச் சொற்பொழிவில் அவர் பேசினார்.

1965 முதல் 1970 வரை இலண்டன் ராயல் கழகத்தின் தலைவராக விளங்கினார். 1969 இல் பிரபு பட்டம் பெற்றார். 1974 சூலை 13 இல் இயற்கை எய்தினார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை எண்ணைக் கண்ணுக்கு ஒப்பிட்டார். கண் நமக்கு இனிமையானவற்றை மட்டுமா காட்டுகிறது? கசப்பானவற்றையும் காட்டுகிறது. அப்போது கண்ணை மூடிக்கொள்வோர் உண்டு, மூடாதவர் பிளாக்கெட். கடற்படை மகிழும் விடை கிடைத்தபோதும் சொன்னார். அரசு வெறுக்கும் விடை கிடைத்தபோதும் சொன்னார். தம் புகழையே குலைக்கும் விடை கிடைத்தபோதும் சொன்னார்.

நண்பர்களே! தேர்வுக் கூடத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கின் கட்டங்களை நிரப்பும்போது, அக்கட்டங்களுக்குப் பின்னே ஒரு காலத்தில் கடலும், கப்பலும், கரையில் காத்திருந்த தாய்மாரும் இருந்தனர் என்பதை ஒரு கணம் நினைப்போம். விடை எழுதியபின், இந்த விடையை நம்பி நம் வீட்டுப் பிள்ளையை அனுப்புவோமா என்று கேட்டுப் பார்ப்போம். அதுதான் எண்ணிப் பார்ப்பது.